பண்டத்தின் பின்னுள்ள பாடு: வட்டார உணவு மரபைக் காப்பது குறித்து

தமிழ்நாட்டின் வட்டார உணவுகளுக்கு இது கொண்டாட்டக் காலம். 2019இல் பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும், 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் புவிசார் குறியீடு பெற்றன. 2023இல் மணப்பாறை முறுக்கு, ஊட்டி வர்க்கி, சேலம் ஜவ்வரிசி, ராமநாதபுரம் முண்டு மிளகாய், வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் என்று ஒரு வரிசையே சேர்ந்தது. ஊர் ஊராக உணவுத் திருவிழா நடக்கிறது. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் நட்சத்திர விடுதிகளின் மேசைக்கு வந்துவிட்டன. புதுக்கோட்டை மாவட்டத்து வயல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரன்களும் சமைத்துக் காட்டும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. இத்தனை பேர் ஊர்ச் சாப்பாட்டைப் பெருமையோடு பேசுவது நல்ல விஷயம். அதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் இதே காலத்தில்தான் பனையேறிகள் குறைந்துகொண்டே வந்தார்கள்; வரகும் சாமையும் விளைந்த மேட்டுநிலங்கள் வேறு பயிருக்குப் போயின; செக்கும் உரலும் முற்றத்தை விட்டு வெளியேறின. பேர் பரவப் பரவப் பொருள் அருகுவது எப்படி? உணவு மரபைப் பற்றி நடக்கும் பேச்சுகளில் இந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்பது என் எண்ணம். கேட்டிருந்தால் பதில் சமையல் குறிப்பில் இல்லை என்பது தெரிந்திருக்கும். ஒவ்வொரு வட்டார உணவுக்குப் பின்னாலும் எல்லாரும் கைவிட விரும்பும் கடினமான ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவருக்குப் போதிய கூலி கிடைத்தாலோ, அந்த வேலையின் கடுமை குறைந்தாலோ உணவு பிழைக்கிறது. இரண்டும் நடக்காத இடத்தில் எத்தனை பட்டயம் கொடுத்தாலும் உணவு வெறும் பெயராக எஞ்சுகிறது.

உடன்குடிக் கருப்பட்டியிலிருந்து தொடங்கலாம். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு மண்ணில் நிற்கும் பனைகளிலிருந்து வரும் இந்தக் கருப்பட்டிக்கும் குறியீடு உண்டு. அது உருவாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பனையேறி விடியுமுன் மரமேறிப் பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவுகிறார். மாலையில் மறுபடி ஏறிச் சீவுகிறார். ஒரு நாள் சீவத் தவறினால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால்தான் சொட்டும் சாறு பதநீராக நிற்கும். இல்லாவிட்டால் வெயில் ஏறுமுன் புளித்துக் கள்ளாகிவிடும். இறக்கிய பதநீரை விடிலி என்ற குடிசையில் பெரும்பாலும் அவர் மனைவி காய்ச்சுகிறார். புகைக்குள் உட்கார்ந்து, அடிபிடிக்காமல் கிண்டி, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்து, சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். பருவம் முழுக்க நாளும் பல மரம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஏற்றம். விழுந்தால் உயிர் போகும், இல்லையென்றால் இடுப்பு போகும். இந்த வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை செய்தது மிகச் சரி. அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. விளைவு என்னவென்றால், கருப்பட்டி என்ற பெயரில் விற்கப்படுவதில் சர்க்கரைப் பாகு கலப்பது வழக்கமாகிவிட்டது. சர்க்கரை விலையும் நேர்மையாகக் காய்ச்சிய கருப்பட்டியின் விலையும் எட்டாத தூரத்தில் நிற்கும்போது, அந்த இடைவெளியில் கலப்படம் வந்து உட்காரும். 2021ஆம் ஆண்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. பனங்கொட்டைகள் ஊன்றவும் பணம் ஒதுக்கியது. மரம் காக்கப்பட்டது சரி. ஏறுவதற்கு ஆள் இல்லாத பனை நிழலும் நுங்கும் தரும், கருப்பட்டி தராது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை பழனி மலையில் இருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம் விருப்பாச்சி மலைவாழை. அதில் நீர்ப்பதம் குறைவு. மணமும் இனிப்பும் கூடுதல். தண்ணீர் சேர்க்காமல் பிசைந்த பஞ்சாமிர்தம் நாள்பட்டுக் கெடாமல் இருப்பதில் அந்தப் பழத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சரிவெங்கும் விளைந்த இந்த வாழை, 1970களில் முடிக்கொத்து நோய் பரவியதும் பெருமளவு அழிந்தது. வைரஸால் வரும் நோய் அது. அசுவினிப் பூச்சி ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். நோய் கண்ட கன்றையே மறுபடி நட்டால் நோயும் சேர்ந்தே முளைக்கும். மீட்புக்கு வழி செய்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்து அறிவியலாளர்களும் மலைவாழை விவசாயிகளும் சேர்ந்து எடுத்த முயற்சி. வைரஸ் இல்லை என்று சோதித்து உறுதிசெய்த திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொடுத்தார்கள். நோய்கண்ட மரங்களைப் பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து அழிக்க ஒப்புக்கொண்டார்கள். 2008இல் விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் குறியீடு வந்தது; பஞ்சாமிர்தத்துக்கு அதற்குப் பிறகு 11 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம், ஆனாலும் சரியான வரிசை. வாழைக் கன்றைச் சோதித்துத் தந்த ஆய்வுக்கூடமும், வேலிக்கு அப்பால் இருந்தவரோடு ஒத்துழைத்த விவசாயியும் இல்லாமல் பஞ்சாமிர்தத்தின் பட்டயத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

சிறுதானியங்களின் வரலாறு இந்த வாதத்தை இன்னும் துல்லியமாக உறுதிப்படுத்துகிறது. பசுமைப் புரட்சியும் ரேஷன் அரிசியும்தான் சிறுதானியங்களை ஒழித்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை. எல்லாத் தானியங்களும் ஒரே அளவில் மறையவில்லை என்பதை அந்த விளக்கம் கணக்கில் எடுப்பதில்லை. கேழ்வரகு இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் களியாக அடுப்பில் வேகிறது. கம்பங்கூழ் சித்திரை வெயிலில் தெருவுக்குத் தெரு விற்கிறது. வரகு, சாமை, குதிரைவாலி, பனிவரகு, தினை ஆகியவை வீட்டுச் சாப்பாட்டிலிருந்து ஏறக்குறைய போய்விட்டன. வேறுபாடு தானியத்தின் தோலில் இருக்கிறது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் ஒட்டிய உமி கிடையாது. அடித்துத் தூற்றி, லேசாகக் குத்தியோ குத்தாமலோ திரித்துவிடலாம். மற்ற ஐந்துக்கும் இறுகிய உமி உண்டு. வரகுக்கு அது அடுக்கடுக்காக இருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி ஒருவேளைச் சோற்றுக்கு வேண்டிய அரிசியைப் பிரித்தெடுக்க ஒரு பெண்ணுக்கு மணிக்கணக்கில் ஆகும். நெல்லைக் குத்த ஊருக்கு ஊர் ஆலை வந்த காலத்தில், வரகைக் குத்தும் இயந்திரம் எந்த ஊருக்கும் வரவில்லை. ஆலையில் அரைத்த அரிசி கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது எந்தப் பெண் உலக்கையைத் தூக்குவாள்? வரகைத் தோற்கடித்ததில் அரிசிக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வரகின் உமிக்கும் உண்டு.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இதை நேரடியாகக் காணலாம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எனப் பல வகைகளைக் கலந்து பயிரிட்டு உண்டவர்கள். கடந்த அரை நூற்றாண்டில் அந்த நிலங்களில் மரவள்ளி படர்ந்தது. மரவள்ளிக்கு ஆள்வேலை குறைவு. கிழங்கைத் தோண்டி லாரியில் ஏற்றினால் சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கு வேலை செய்து கண்டறிந்ததில் முக்கியமானது, பெண்கள் சிறுதானியத்தை விட்டதற்குக் குத்திப் புடைக்கும் பாடு பெருங்காரணம் என்பது. எனவே விதை வங்கி தொடங்கியதோடு நில்லாமல், உமி நீக்கும் சிறிய இயந்திரங்களை மலை ஊர்களிலேயே வைத்து, சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். சாமையைக் களியாகவும் சோறாகவும் உண்பதோடு, மாவாகவும் கலவையாகவும் கட்டி விற்கவும் பழக்கினார்கள். சாமை மறுபடி மலையையே நிரப்பிவிட்டது என்று சொல்ல முடியாது. மரவள்ளி இன்றும் பெரும்பயிர்தான். ஆனால் சாமை மிஞ்சியதில் அந்தச் சிறிய ஆலைகளின் பங்கைப் புறக்கணிக்க முடியாது. இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குக் குறியீடு வந்தது. ஒரு வட்டாரத்தின் பெருமைக்குரிய பண்டமும் பக்கத்து மலையின் உணவு மாறியதும் ஒரே கிழங்கின் இரண்டு விளைவுகள். பட்டயங்களை ஊர் ஊராகத் தனித்தனியே கொடுக்கும் முறையில் இந்தத் தொடர்பு கண்ணில் படவே படாது. ஜவ்வரிசியை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் இந்த மண்ணின் மக்கள்தான்; அவர்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. மரபைக் காக்க நினைப்பவர் ஒரு பண்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் பண்டம் யாருடைய நிலத்தை எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். 'பாட்டி கைப்பக்குவம்' என்று புகழப்படுவதெல்லாம் பாட்டியின் முதுகு ஒடிந்த கதைதானே? அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் அடுப்புப் புகையும் சேர்ந்து பெண்களின் பகலைத் தின்றன. அந்தச் சமையலைக் காப்பாற்று என்று சொல்வது அந்தப் பெண்களை மறுபடி அடுப்படியில் கட்டிப்போடுவதாகாதா? இது மறுப்புகளிலேயே மிகவும் மதிக்கத்தக்கது. ஆனால் வரலாறு இதற்குத் தரும் பதில் தெளிவானது: பாட்டைக் குறைத்த இடத்தில்தான் உணவு நிலைத்தது. கோயம்புத்தூரில் 1950களில் சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் மின்சார மாவரைக்கும் கிரைண்டர் தமிழ்ச் சமையலின் மிகப் பெரிய காப்பாளர். கல்லையும் அரைக்கும் விதத்தையும் அது மாற்றவில்லை. குழவியைச் சுற்றும் கையை மட்டும் விடுவித்தது. உளுந்து பொங்கி வருவது கல்லில் அரைபடும் விதத்தால். அந்த விதம் நின்றது, தோள்வலி போனது. அது வந்திராவிட்டால் நகரத்து வீடுகளில் தோசையும் இட்லியும் வாரத்தில் ஒரு நாள் பண்டிகைப் பலகாரமாகவே இருந்திருக்கும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கே பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தது பொருத்தமான மரியாதை. மெக்சிகோவிலும் இதே கதை நடந்தது. அங்கு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கல்லில் அரைத்து டோர்ட்டியா தட்டுவது பெண்களின் நாளில் பாதியை விழுங்கிய வேலை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஊர் ஊராக அரவை ஆலைகள் வந்தபோது கணவன்மார் சிலர் முணுமுணுத்தார்கள். பெண்கள் ஆலை வாசலில் வரிசையில் நின்றார்கள். டோர்ட்டியா அழியவில்லை. அதன் சுவை பின்னர் அடிபட்டது, ஊரின் ஆலையை ஒதுக்கிவிட்டுத் தொழிற்சாலையின் காய்ந்த மாவு வந்தபோதுதான். கையின் வேலையை எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்று. தானியத்தையும் அதன் பக்குவத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் தொழில் மற்றொன்று. மரபைக் காப்பவர்கள் முதலதை வரவேற்று இரண்டாவதை எதிர்க்க வேண்டும். பலநேரம் இரண்டையும் ஒன்றாகவே வெறுக்கிறார்கள்.

2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது கவனித்த விஷயம் இதனால்தான் முக்கியமாகிறது. அங்கு பதிவானது உணவு வகைகளின் பட்டியல் அல்ல. மக்காச்சோளம், பயறு, மிளகாய் சேர்த்துப் பயிரிடும் நிலமுறை, சுண்ணாம்பில் வேகவைக்கும் முறை, அரைக்கும் கல், சமையற்காரப் பெண்களின் கூட்டமைப்புகள் என்று முழுச் சங்கிலியும் பதிவானது. 2013இல் கொரியாவின் கிம்ச்சி சேர்க்கப்பட்டபோதும், குளிர்காலத்துக்கு முன் பலர் கூடிக் கிம்ச்சி போடும் கூட்டு உழைப்புக்கே அந்த அங்கீகாரம். இத்தாலியில் 1986இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டருகே துரித உணவுக் கடை வருவதை எதிர்த்துக் கிளம்பிய இயக்கம் கார்லோ பெட்ரினியின் தலைமையில் 'ஸ்லோ ஃபுட்' ஆனது. அவர்கள் முதலில் மறையும் உணவுகளைப் பட்டியல் போட்டார்கள், பின்னர் பட்டியல் போதாது என்று உணர்ந்து, அந்தந்த உணவை ஆக்கும் சிறு உற்பத்தியாளர் குழுக்களுக்கு நேரடியாக உதவும் ஏற்பாட்டுக்கு நகர்ந்தார்கள். இந்த மூன்று அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நம்முடைய புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் காப்பது பெயரை: இந்த ஊரில், இந்த முறையில் செய்யாததை இந்தப் பெயரில் விற்காதே என்கிறது. வணிகத்தில் அது தேவையான காவல். ஆனால் அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளர் எத்தனை பேருக்கு என்ன கூலி கொடுக்கிறார், மூலப்பொருளை விளைவிப்பவருக்கு விலை உயர்வில் பங்கு கிடைத்ததா என்று கேட்க அதில் இடமில்லை.

நெல்லின் கதை கடினமான வேலைக்கு வேறொரு முகம் இருப்பதைக் காட்டுகிறது. 1960இல் தஞ்சாவூர் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குள் வந்து, ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால வகைகள் பரவியபோது, ஐந்தாறு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் மரபு நெல் வகைகள் போட்டியில் நிற்க முடியவில்லை. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரு போகம் தரும் நிலத்தில் புதுவகையில் குறுவையும் தாளடியும் பார்த்துவிடலாம். பஞ்சத்தின் நினைவு மங்காத காலத்தில் விவசாயி எடுத்த அந்த முடிவில் குற்றம் எதுவும் இல்லை. இங்கே கைவிடப்பட்ட வேலை, விதையை ஆண்டுதோறும் கலப்பில்லாமல் எடுத்துவைக்கும் வேலை. யாரும் கூலி கொடுக்காத அந்த வேலையைத் தன் தலையில் சுமந்தவர் 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வாரின் வழியில் நடந்த அவர் 174 மரபு நெல் வகைகளைத் திரட்டினார்; திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை வாங்கிப்போகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தினார். அந்தக் கணக்கின் அழகு, விதை அருங்காட்சியகத்தில் உறங்காமல் ஆண்டுக்கு ஆண்டு வயலில் வேலை செய்கிறது என்பது. அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை அரசு தொடங்கியது அவருக்குச் செய்த நல்ல மரியாதை. ஆனால் கவுனியும் பூங்காரும் இன்று பெரும்பாலும் நகரத்து அங்காடியில், சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற சீட்டோடு, சாதாரண அரிசியைப் போலப் பலமடங்கு விலைக்கு விற்கின்றன. மருந்தாக வாங்கப்படும் அரிசி மருந்தோடு சேர்ந்தே கைவிடப்படும். காரைக்குடிக் கல்யாணத்தில் கவுனியரிசி இனிப்பு பரிமாறப்படும் வரை கவுனிக்குக் கவலையில்லை. அதன் இடம் நோய்ப் பட்டியலில் இல்லை, விருந்துப் பந்தியில் இருக்கிறது.

உணவு எப்போதும் மாறிக்கொண்டேதானே வந்தது, எதை மரபு என்று பிடித்துவைப்பது என்று கேட்பவர்களும் உண்டு. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி எல்லாமே வந்தவை. கடலையும் வந்ததுதான், கோவில்பட்டியின் கடலைமிட்டாயும் நமதுதான். ராமநாதபுரத்து வறண்ட மண்ணும் உப்புக்காற்றும் மிளகாயை உருண்டையாக, தடித்த தோலோடு, தனி மணத்தோடு முண்டாக மாற்றின. அங்குள்ள விவசாயி தலைமுறை தலைமுறையாக விதையைத் தேர்ந்து எடுத்துவைத்தார். மாற்றம் என்பது சமைப்பவரும் விளைவிப்பவரும் ஒன்றைத் தெரிந்தே ஏற்றுக்கொள்வது. வரகு போனது அப்படி நடந்த மாற்றமில்லை. வரகை விரும்பியவருக்கும் அதைக் குத்தித் தர வழியில்லாமல் போனது. தேர்ந்தெடுத்து விட்டதையும் வேறு வழியில்லாமல் விட்டதையும் பிரித்துப் பார்த்தால், எதைக் காக்க வேண்டும் என்ற குழப்பம் பெருமளவு தீரும்.

இன்னொரு கேள்வி இதைவிடச் சங்கடமானது; அதைத் தவிர்த்துவிட்டு உணவு மரபைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. யாருடைய உணவு மரபு? எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' பல தலைமுறை மணப்பெண்களுக்குச் சமையல் கற்றுத்தந்த அரிய நூல். ஆனால் அது ஒரு சமூகத்தின் சைவ அடுப்படி. அச்சில் ஏறிய சமையல் என்பதாலேயே அது 'தமிழ்ச் சமையல்' என்ற பொதுப் பெயரையும் பிடித்துக்கொண்டது. இந்தியா முழுவதும் இப்படித்தான் நடந்தது. அச்சிட்ட சமையல் நூல்கள் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் தேசியச் சமையலை எப்படி உருவாக்கின என்பதை மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. மராத்தியில் 2015இல் ஷாஹு படோலே தலித் வீடுகளின் உணவைப் பற்றித் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. நம் குறியீட்டுப் பட்டியலில் இனிப்பும் பிரசாதமும் பழமும் காய்கறியும் முன்வரிசையில் நிற்கின்றன. வயல் நத்தை, நண்டு, மழைக்காலத்து ஈசல், ஆட்டுக் குடல், மாட்டிறைச்சி உப்புக்கண்டம் ஆகியவையும் இந்த மண்ணின் வட்டார உணவுகள்தான். அவற்றுக்குத் திருவிழா எடுப்பவர் அரிது. ஆனால் ஹைதராபாத் ஹலீம் 2010இல் குறியீடு பெற்றபோது எந்த வானமும் இடியவில்லை. கடினமான வேலையைப் பற்றிய என் வாதம் இங்கு இன்னும் கூர்மையாகிறது: பனை ஏறியவர், தோல் உரித்தவர், உப்பு வாரியவர், வயலில் நின்றவர் பெரும்பாலும் சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்டவர். பண்டத்தைக் கொண்டாடி ஆளை மறப்பது பழைய அவமதிப்பை நல்ல வார்த்தையில் தொடர்வதுதான். இவர்களுடைய பெயர்களும் சமையலும் ஆவணத்தில் வராத வரை, நாம் காப்பது வசதியானவர் தட்டின் வரலாறு மட்டுமே.

விலையைப் பற்றிய மறுப்பும் உண்டு: இதெல்லாம் வசதிக்காரருக்கு, ஏழைக்கு 2011 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசிதானே சோறு? ரேஷன் அரிசி தமிழ்நாட்டின் பெரும் சாதனை. பட்டினியை விரட்டியது அதுதான், எந்த மரபுப் பேச்சுக்காகவும் அதைக் குறைத்துப் பேசக்கூடாது. வட்டார உணவு பிழைக்க வேண்டுமென்றால் அந்தப் பொது விநியோகத்துக்கு எதிரே நிற்காமல் அதற்குள்ளேயே நுழைய வேண்டும். கர்நாடகம் கேழ்வரகைக் கொள்முதல் செய்து ரேஷனில் கொடுக்கிறது; ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தில் பழங்குடி மாவட்டங்களில் கேழ்வரகை வாங்கி அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு உருண்டையாகக் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு என்று முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மாநிலத்தின் மிகப் பெரிய சமையற்கூடங்கள். சிவகங்கைப் பள்ளியில் குதிரைவாலிப் பொங்கலும், தருமபுரிப் பள்ளியில் கேழ்வரகுப் புட்டும், நாமக்கல் பள்ளியில் சாமைக் கிச்சடியும் வாரம் இரண்டு நாள் உறுதியாக வாங்கிச் சமைக்கப்பட்டால், உமி நீக்கும் சிறிய ஆலைக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். திருவிழாவில் ஒரு நாள் சுவைத்த குழந்தைக்கும் வாரந்தோறும் சாப்பிட்டு வளர்ந்த குழந்தைக்கும் சுவையறிவில் பெரும் வித்தியாசம் உண்டு.

இலங்கையின் வடக்கில் இன்னொரு வழி நடைமுறையில் இருக்கிறது. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மாவில், நண்டும் இறாலும் மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, புளியும் மிளகாயும் கரைத்துக் காய்ச்சும் ஒடியற்கூழ் யாழ்ப்பாணத்தின் அடையாளம். போர் பல இலட்சம் பேரை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் துரத்தியது. கூழ் அவர்களோடு போனது, கிழங்கைத் தோண்டிப் பிளந்து காயவைக்கும் வேலை ஊரில் நின்றது. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை மாவாகவும் பெட்டியாகவும் அதற்குச் சந்தை தேடித் தருகிறது. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களில் ஒவ்வொரு பெண்ணும் தன் பண்டத்தைத் தானே, வாங்குபவர் கண்முன் சமைத்து விற்கிறார். கல்லாவில் விழும் காசு அவருடையது. குரக்கன் என்னும் கேழ்வரகுப் புட்டும் இலைக்கஞ்சியும் அங்கு மலிவாகக் கிடைப்பதால், அலுவலகம் போகிறவரும் மாணவரும் அன்றாடம் வந்து சாப்பிடுகிறார்கள். கணவனை இழந்த, வீட்டைத் தாங்கும் பெண்கள் பலருக்கு அது பிழைப்பு. மரபைக் காப்பது பற்றி அங்கு யாரும் உரையாற்றத் தேவையில்லை. பாட்டுக்கு உரிய காசு பாடுபட்டவரிடமே போகிறது.

ஆகவே செய்யவேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் உள்ளன. ஒரு பண்டத்துக்குக் குறியீடு கேட்கும் சங்கம், அதன் மூலப்பொருளை விளைவிப்பவர் யார், கடினமான வேலையைச் செய்பவர் எத்தனை பேர், அவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர், கூலி என்ன என்பதை விண்ணப்பத்தோடு பதிய வேண்டும். பத்து ஆண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அதே கேள்விகளுக்கு மறுபடி விடை சொல்ல வேண்டும். வரகுக்கும் குதிரைவாலிக்கும் உமி நீக்கும் ஆலை வட்டாரத்துக்கு ஒன்றாவது வேண்டும். பெண்களின் குழுக்கள் அதை நடத்த வேண்டும். பனை ஏறும் கருவிகள் பல வடிவங்களில் வந்திருக்கின்றன. வெறும் காலால் ஏறுபவரின் வேகத்துக்கு அவை இன்னும் ஈடாகவில்லை என்று பனையேறிகளே சொல்வதால், அவற்றைச் செம்மைப்படுத்தும் வேலையைப் பொறியியல் கல்லூரிகள் பனையேறிகளோடு சேர்ந்து உடன்குடியிலேயே செய்ய வேண்டும். விபத்துக் காப்பீடும், பருவம் தொடங்குமுன் அறிவிக்கும் கொள்முதல் விலையும், கலப்படத்தைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்றும் அதே ஊரில் வேண்டும். கருப்பட்டிக் காப்பி விற்கும் நகரத்துக் கடைகள் பெருகிவருகின்றன. அவை சோதித்த கருப்பட்டியைச் சங்கத்திடம் நேரடியாக வாங்கி, அதற்குரிய விலையை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி விற்றால், விடிலியில் புகை குடிக்கும் பெண்ணுக்கும் மரத்தின் உச்சியில் பாளை சீவுபவருக்கும் அந்தக் கூடுதல் ரூபாயில் எவ்வளவு போனது என்பதை ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கலாம்.